கையொப்பத்தின் விலை

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையைக் கடந்ததும் கொடும்பாளூர் வந்துவிடுகிறது. வழிப்போக்கர்க்கு அறிமுகமான ஊர் அது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லும் மறையவன் கொடும்பையின் குளத்தைக் குறிப்பிட்டே மேலே செல்கிறான். அங்குள்ள மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்களே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. அதை எடுப்பித்த இருக்குவேள் பூதி விக்கிரமகேசரியின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, பத்தாம் நூற்றாண்டா என்ற வழக்கு வரலாற்றறிஞரிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. அவ்வழக்கு இக்கட்டுரைக்கு உரியதன்று. இங்கு வேண்டுவது அக்கோயிற்சுவரின் வடமொழிக் கல்வெட்டில் இடம்பெற்ற பெயர்களும், இடம்பெறாத ஒரு பெயருமே.

அக்கல்வெட்டில் மன்னனின் முன்னோர் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயர்களும் உள்ளன. தன் பெயராலும் அவ்விருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்தான் என்ற செய்தி உள்ளது. மல்லிகார்ச்சுனர் என்னும் துறவிக்குப் பெரிய மடமொன்றை அளித்து, தவசியர் ஐம்பதின்மர் உண்பதற்காகப் பதினோர் ஊர்களைக் கொடுத்த கணக்கும் உள்ளது. கொடுத்தவர், பெற்றவர், கொடுத்த பொருள், அதன் நோக்கம் யாவும் தெளிவாக இருக்க, கல்லில் உருவங்களை வடித்தவன் யார் என்பது மட்டும் இல்லை. இதே வட்டாரத்துச் சித்தன்னவாசலிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குகைக் கோயிலில் திருப்பணி செய்ததைப் பாட்டாகவே பொறித்து வைத்தார்கள். தாமரைக் குளத்தைத் தீட்டிய கையின் பெயரைப் பொறிக்கவில்லை.

கலைஞன் பெயரே தமிழ்நாட்டில் எழுதப்பட்டதில்லை என்று இதைக்கொண்டு முடிவு கட்டுவது தவறாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. எனினும் அது பணியாளர் வரிசையில் வரும் பெயர். அவன் பெயரால் அக்கோயிலின் மதிப்பு ஒரு காசும் ஏறவில்லை. ஏறவேண்டிய தேவையும் இருக்கவில்லை. படைத்தவனின் பெயர் படைப்போடு ஒட்டிக்கொண்டு சந்தைக்கு வருவதும், அப்பெயர் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்தே பொருளின் விலை நிற்பதும் வேறொரு காலத்து நிகழ்ச்சி. தென்னாட்டில் அக்காலத்தைத் தொடங்கி வைத்தவர் என்று ஒருவரைச் சுட்டவேண்டுமானால் கிளிமானூர் ரவிவர்மாவையே சுட்டவேண்டும்.

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29இல் பிறந்தவர். அவருடைய கலைக் கல்வியில் தமிழ்நாட்டின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரிது. சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அவையில் பெயர் பெற்றிருந்த ஓவியர் அழகிரி நாயுடு மதுரையைச் சேர்ந்தவர். பின்னர் அவைக்கு வந்த இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தில் வல்லவர். அவ்வித்தையின் நுட்பத்தை இளைஞரான ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர அவர் இசையவில்லை. அவரிடம் பயின்றுகொண்டிருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் தாம் கற்றதை இரவில் வந்து இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறும். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் வந்தபோது, அவரும் கற்பிக்க முன்வரவில்லை. தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தார். வித்தை ஒருவருக்குச் சொந்தமான பொருள், அதை வெளியே விட்டால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் அப்போதே அரண்மனைக்குள் இருந்தது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. பின்னாளில் அச்சுயந்திரம் வைத்துத் தம் படங்களை ஆயிரக்கணக்கில் வெளியே விட்டவர், வித்தையை இப்படிப் பூட்டிவைத்த சூழலில் வளர்ந்தவர் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

அவர் ஊதியம் பெற்று வரைந்த முதற் படம் 1870இல் கோழிக்கோட்டு நீதித்துறை அலுவலர் கிழக்கேப்பாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தைத் தீட்டியது. அரசரல்லாத ஒருவர், கோயிலுக்காக அன்றித் தம் வீட்டுச் சுவருக்காகப் படம் வாங்கினார் என்பதே இதில் கருதத்தக்கது. கிளிமானூர் அரண்மனையைச் சேர்ந்தவரும், மாவேலிக்கரை அரச குடும்பத்தில் மணம் செய்தவருமான ஒருவர் கூலிக்கு வரைவது அக்காலத்தில் எளிதாக ஏற்கத்தக்க செயலாக இருந்திருக்க முடியாது. அந்தத் தயக்கத்தைக் கடந்தது அவருடைய முதல் துணிவு.

அடுத்த படி சென்னை. 1873இல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவிலும் அவர் பரிசு பெற்றார். மறு ஆண்டு சென்னையில் மீண்டும் பதக்கம். இம்முறை சரபத் என்னும் இசைக்கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்கு. இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்து இளவரசருக்குத் திருவிதாங்கூர் மன்னர் வழங்கிய பரிசுகளுள் அப்படமும் இடம்பெற்றது. 1876இல் சகுந்தலை கடிதம் எழுதும் படத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கினார். வடமொழிப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் தம் சாகுந்தல மொழிபெயர்ப்புக்கு அதையே முகப்புப் படமாக அமைத்துக்கொண்டார்.

கண்காட்சி என்னும் நிறுவனத்தின் இயல்பைச் சற்றுக் கூர்ந்து நோக்கவேண்டும். கோயிலில் சிற்பம் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. காண்போர் அதனிடம் செல்கின்றனர். அரண்மனையில் ஓவியம் அரசன் பார்வைக்கு மட்டும் உரியது. கண்காட்சியிலோ ஓவியம் இடம்பெயர்ந்து வருகிறது. அறிமுகமில்லாத பலர் அருகருகே நின்று பார்க்கின்றனர். நடுவர் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கின்றனர். ஆளுநர் வாங்கினார் என்ற செய்தி பத்திரிகையில் வருகிறது. அச்செய்தி அடுத்த படத்தின் விலையை உயர்த்துகிறது. வரைந்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கேதான் பணமதிப்பு ஏற்படுகிறது. புலவர் உலகில் அரங்கேற்றம் என்பதற்கும் கண்காட்சிக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. அரங்கேற்றத்தில் நூலை அவை ஏற்றுக்கொள்ளும். எவரும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை.

ரவிவர்மாவின் பெயரைப் பெருஞ்செல்வமாக்கியவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக இருந்தவர் அவர். பரோடாவின் கெய்க்வாட் மன்னர் 1888இல் புராணக் கதைகளைக் கொண்ட பதினான்கு படங்களை வரையும் பணியை ரவிவர்மாவிடம் ஒப்படைத்தார். ஊதியம் 50,000 ரூபாய். 1890இல் பணி முடிந்தது. பரோடாவுக்குப் போகும் முன் படங்களைப் பொதுமக்கள் பார்க்க வைத்தபோது கூட்டம் திரண்டது. அவற்றின் புகைப்படங்களும் விற்பனையாயின. படம் ஒன்றுதான், வேண்டுவோரோ பல்லாயிரவர். இந்நிலை வரும் என்று மாதவராவ் முன்பே உணர்ந்திருந்தார். சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் அச்சுப் பிரதிகள் எடுத்துவரச் செய்யலாம் என்று 1884இலேயே ஓவியருக்கு எழுதியவர் அவர்.

ரவிவர்மா ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை. ஐரோப்பிய யந்திரத்தையும் தொழில் வல்லுநர்களையும் இங்கே வரவழைத்தார். தம்பி இராஜராஜவர்மாவின் துணையோடும் வணிகர் ஒருவரின் கூட்டோடும் 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கப்பட்டது. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம். அதன்பின் இலக்குமியும் சரசுவதியும் வீடுகளுக்குள் புகுந்தனர். ஒரு படத்தை அச்சிட, வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் அதைத் தனித்தனியே வரைந்துகொள்ளவேண்டும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் இம்மியும் பிசகாமல் படிந்து எழ, வண்ணத்தின் மேல் வண்ணம் ஏறும். இறுதியில் வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம் போன்ற பளபளப்பு வரும். கல்லில் வரைந்தவர்கள் ரவிவர்மா அல்லர். பெயர் தெரியாத தொழிலாளர். தாளின் மூலையில் நின்றது அவருடைய பெயரே.

இத்தொழில் அவருக்குச் செல்வம் சேர்க்கவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவிய ஆண்டுகளில் அச்சகம் இடர்ப்பட்டது, லோனாவாலாவை அடுத்த மளவலிக்குக் கொண்டுசெல்லப்பட்டது, கடன் மிகுந்தது. 1900களின் தொடக்கத்தில் அதை அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷருக்கே விற்றுவிட்டார். 89 படங்களின் மறுபதிப்பு உரிமையும் சேர்த்து 25,000 ரூபாய் என்று அச்சக வரலாற்றை ஆராய்ந்தோர் குறிப்பர். பதினான்கு படங்களுக்கு ஓர் அரசர் கொடுத்த தொகையில் இது பாதி. நாடு முழுவதையும் தம் பெயருக்குள் கொண்டுவந்த உரிமையை ஓவியர் இவ்விலைக்குக் கைவிட்டார். கவிஞர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. பாரதி பாடல்களை இசைத்தட்டில் வெளியிடும் உரிமை வணிகர் கை மாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்ததும், 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றதும், பின்னர் அவை பொதுவுடைமை ஆனதும் தமிழுலகு அறிந்த செய்தி. பாரதி குடும்பத்துக்கு அவ்வுரிமையால் வந்தது எவ்வளவு என்று கேட்டால், ரவிவர்மாவின் 25,000 கூடப் பெரிதாகத் தோன்றும்.

ரவிவர்மா 1906 அக்டோபர் 2இல் மறைந்தார். பாரதி அவரை ஓவியர்மணி என்று போற்றி இரங்கற்பா பாடினார். அதற்கு அடுத்த ஆண்டே அந்தப் புகழின்மேல் முதல் பெரிய அடி விழுந்தது. யாழ்ப்பாணத் தமிழர் சர் முத்துக்குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி, ரவிவர்மாவின் தேவர்கள் தேவர்களாக இல்லை, நாடக மேடையில் வேடமிட்ட அன்றாட மனிதராக இருக்கிறார்கள் என்ற கருத்துப்பட எழுதினார். நிவேதிதை அம்மையார், பக்கிங்காம் கோமகன் வாங்கிய அதே சகுந்தலையை எடுத்துக்கொண்டு, நிலத்தில் கவிழ்ந்து படுத்துக் கடிதம் எழுதும் அத்தோற்றம் இந்தியப் பெண்மைக்குப் பொருந்துமா என்று கண்டித்தார். பாரதி நிவேதிதையைக் குருவாகக் கொண்டவர். 1908இலும் 1909இலும் தம் முதற் கவிதை நூல்கள் இரண்டையும் அவருக்கே காணிக்கையாக்கியவர். ரவிவர்மாவைப் பாடிய அதே வாயால் நிவேதிதையை வணங்கியதில் பாரதி முரண்பாடு எதையும் காணவில்லை போலும். ஆராய்ச்சியாளர் இதில் முரண் காணலாம். கவிஞர்க்கு அத்தகைய முரண்கள் இயல்பு.

விமர்சகரின் தீர்ப்பு விலையை வீழ்த்தும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் படித்தவர் வட்டத்தில் ரவிவர்மா என்ற பெயர் 'காலண்டர் படம்' என்பதற்கு மறுபெயராக வழங்கியது. சென்னைக் கலைப்பள்ளியிலும், கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் உருவாக்கிய சோழமண்டலத்திலும் வளர்ந்த நவீன ஓவியர்கள், ரவிவர்மா விட்ட இடத்திலிருந்து தொடங்க விரும்பவில்லை. அவரைத் தாண்டிச் சிற்பத்துக்கும், கோலத்துக்கும், எழுத்துருக்களுக்கும் போனார்கள். அவர்கள் செய்தது சரியே. ஆயினும் அக்காலத்து அலட்சியத்துக்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. மதிப்பில்லை என்று கருதப்பட்ட படங்களை எவரும் பட்டியலிடவில்லை. எந்தப் படம் எந்த வீட்டில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை.

வீடுகளில் இருந்தவர்கள் விமர்சகரைப் படிக்கவில்லை. புதுக்கோட்டைச் சீமையிலும் செட்டிநாட்டிலும் அச்சுப்படங்கள் முகப்பிலும் வளவிலும் பூசையறையிலும் வரிசையாக ஏறின. பர்மாவிலும் மலேயாவிலும் பொருள் ஈட்டிய நகரத்தார், தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் கொண்டு வீடு கட்டிய காலம் அது. அவ்வீடுகளின் உயர்ந்த சுவர்களில், விட்டத்தையொட்டிச் சற்றே முன்சாய்ந்து தொங்கும் படங்களில் ஜெர்மனியில் அச்சானவையும் உண்டு. மளவலியில் அச்சாகி 'ரவிவர்மா பிரஸ், கார்லி-லோனாவ்லா' என்று பொறித்தவையும் உண்டு. சில வீடுகளில் தாளோடு நிறுத்தவில்லை. சரசுவதியின் சேலைமேல் உண்மையான பட்டுத்துணியை வெட்டி ஒட்டி, சரிகை வைத்து, சமிக்கியும் மணியும் தைத்துச் சட்டமிட்டார்கள். ஓவியர் ஐரோப்பிய முறையில் ஒளியும் நிழலும் கொடுத்து வரைந்த மடிப்புகள் துணிக்கு அடியில் மறைந்தன. தெய்வத்துக்குச் சேலை சாத்தும் பழைய வழக்கம் இங்கே தாளிலும் நிகழ்ந்தது. கலைப்படைப்பாக விற்கப்பட்ட பொருளை வாங்கியவர்கள் மீண்டும் திருமேனியாக மாற்றிக்கொண்டார்கள். ரவிவர்மா வரலாற்றில் மிக அழகிய பகுதி இதுவே எனலாம். விலை மதிப்பீட்டாளர் குறிப்புகளில் இதற்கு 'அலங்கரிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்தான்.

பின்னர் அச்சுப்படச் சந்தை தெற்கே நகர்ந்தது. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டைய ராஜு 1942இல் கோவில்பட்டியில் தங்கி, மாணாக்கரோடு சேர்ந்து தெய்வப் படங்கள் வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் அனுப்பின. முருகனும் மீனாட்சியும் தமிழ் முகத்தோடு வந்தபின், மளவலித் தாள்கள் பழையனவாயின. மளவலி அச்சகம் 1972இல் தீக்கிரையானது.

பழையனவற்றுக்கு விலை திரும்பி வந்ததற்குக் காரணங்கள் பல. மன்னராட்சிகள் இந்தியாவுடன் இணைந்தன. புதுக்கோட்டை 1948 மார்ச் 3இல் இணைந்தது. ஜமீன்கள் ஒழிந்தன. 1971இல் மன்னர் மானியமும் நின்றது. வருவாய் சுருங்கிய மாளிகைகளிலிருந்து தட்டுமுட்டுப் பொருள்களும் படங்களும் வெளியே வரத் தொடங்கின. ஏறத்தாழ அதே காலத்தில் அரசு இரண்டு வேலிகளைப் போட்டது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத் தடுத்தது. அச்சட்டத்தின்கீழ் 1970களின் பிற்பகுதியில், மறைந்த கலைஞர் சிலருடைய படைப்புகள் ஆண்டுக் கணக்கைப் பாராமல் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. தாகூர் குடும்பத்தார் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக் ஆகியோரோடு ரவிவர்மாவும் அவ்வரிசையில் சேர்ந்தார். தென்னாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றவர் அவர் ஒருவரே.

இந்த அறிவிப்பால் ஒரு விந்தையான நிலை உண்டாயிற்று. இந்தியாவுக்குள் இருக்கும் ரவிவர்மா ஓவியத்தை இங்குள்ளவரே வாங்கலாம், இங்கேயே வைத்திருக்கவேண்டும். முன்பே வெளிநாடு சென்றுவிட்ட ஓவியத்தை உலகில் யாரும் வாங்கலாம். ஒரே கையொப்பத்துக்கு இரண்டு சந்தைகள். இவற்றுள் வெளிச்சந்தையில்தான் விலை மிகும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது அதற்கு மாறு. 2017இல் நியூயார்க்கில் சாத்பீஸ் ஏலத்தில் தமயந்தி படம் ஏறத்தாழ 17 லட்சம் டாலருக்குப் போயிற்று. இந்தியப் பணத்தில் அன்று 11 கோடி அளவு. அதற்கு முந்திய ஆண்டே மும்பையில் 'நிலவொளியில் ராதை' 20 கோடியை எட்டியிருந்தது. 2023இல் மும்பையில் யசோதையும் கண்ணனும் உள்ள ஓவியம் 38 கோடிக்கு விலைபோனது.

விலை ஏறியதற்கு வேலி மட்டும் காரணமன்று. 1993இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ரவிவர்மா ஓவியங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. ஓவியர் ஏ. இராமச்சந்திரனும் ஓவியச் சீரமைப்பு வல்லுநர் ரூபிகா சாவ்லாவும் அதை அமைத்தனர். நவீன ஓவியர் ஒருவரே முன்வந்து ரவிவர்மாவை மீண்டும் பார்க்கச் சொன்னது, எழுபதாண்டுத் தீர்ப்பின் மறுவிசாரணையாக அமைந்தது. பழைய எதிர்ப்பாளர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். இன்னொரு காரணம் எளிய கணக்கு. சிறந்த ஓவியங்கள் திருவனந்தபுரம் சித்திரா காட்சிக்கூடத்திலும், பரோடாவிலும், மைசூர் ஜகன்மோகன் மாளிகையிலும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நிலையாகத் தங்கிவிட்டன. அவை ஏலத்துக்கு வாரா. எஞ்சியவை சிலவே; பணம் வைத்திருப்பவர் பலர்.

எஞ்சியவை சிலவாக இருக்கும் சந்தையில் போலிகள் நுழைவது இயல்பு. ரவிவர்மாவின் நிலை இதில் மேலும் சிக்கலானது. அவரும் தம்பியும் ஒரே அறையில் ஒரே படத்தில் வேலை செய்தவர்கள். விரும்பிக் கேட்டவர்களுக்காக ஒரே பொருளை மீண்டும் வரைந்து கொடுத்தவர்கள். அவர்களைப் பார்த்து நேர்மையான எண்ணத்தோடு படியெடுத்துப் பழகியவர்களோ பலர். நேர்மையாகச் செய்த நகலில் பின்னர் ஒருவர் கையொப்பத்தை மட்டும் சேர்த்துவிட்டால் அது போலியாகிவிடுகிறது. இதனால் ஏலக்கூடங்கள் ஓவியத்தைவிட அதன் வழிவரலாற்றுக்கே மிகுந்த முதன்மை தருகின்றன. யாருக்காக வரையப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எந்தக் கடிதத்தில், எந்தப் பழைய புகைப்படத்தில் அது காணப்படுகிறது என்ற தொடர்ச்சி அறுபடாமல் இருந்தால் விலை உயரும். கொடும்பாளூர்க் கல்வெட்டு தரும் செய்தியும் இத்தகையதுதானே: கொடுத்தவன் மரபு, பெற்றவர் பெயர், பொருளின் அளவு. அதைப் பொறித்த நோக்கம் அறத்தை நிலைநிறுத்துவது. இன்றைய ஆவணத்தின் நோக்கம் விலையை நிலைநிறுத்துவது.

ஏலக்கூடத்துக்கு வெளியே மற்றொரு சந்தை உண்டு. அதுவே இவ்வட்டாரத்தாருக்கு அண்மையானது. கொடும்பாளூரிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் தென்கிழக்கே சென்றால் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரிக்கப்படும்போதும் இடிக்கப்படும்போதும் வெளிவரும் தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், மரப்பாச்சி, பீங்கான் சாடி ஆகியவற்றுக்கிடையில் ரவிவர்மா அச்சுப்படங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வாங்குவோர் விடுதி நடத்துவோர், திரைப்படக் கலை இயக்குநர், வெளியூர்ச் சேகரிப்பாளர், சுற்றுலாப் பயணியர். ஏலக்கூடத்தின் ஒரு ஓவியத்துக்குக் கொடுத்த பணத்தில் இத்தெருவின் படங்கள் அனைத்தையும் பலமுறை வாங்கிவிடலாம்.

இங்கும் மெய்யும் பொய்யும் கலந்தே உள்ளன. பழைய சட்டத்துக்குள் புதிய அச்சை வைத்து விற்பது எளிது. கைக்கண்ணாடி கொண்டு பார்த்தால் வேறுபாடு புலப்படும். கல்லச்சில் புள்ளிகள் கையால் இட்டவை. ஒழுங்கற்றுச் சிதறி, வண்ணத்துக்கு வண்ணம் அடர்த்தி மாறி நிற்கும். இக்காலத்து ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வலைக்கண் போல ஒரே சீராக அணிவகுக்கும். தேர்ந்த வணிகர் இதை நொடியில் கண்டுகொள்வார். வாங்குபவர் எல்லாரும் கைக்கண்ணாடியோடு வருவதில்லை.

மெய்யான படத்திலும் ஓர் இழப்பு நேர்கிறது. அந்தப் படம் எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, இரங்கூனிலிருந்து வந்த ஐயா வாங்கியதா, மணமகளின் சீதனத்தோடு வந்ததா, பூசையில் இருந்ததா, முகப்பில் இருந்ததா என்பவை வண்டியில் ஏறும்போதே விடுபட்டுவிடுகின்றன. கண்ணாடிமேல் அப்பியிருந்த சந்தனமும் குங்குமமும் துடைக்கப்பட்ட பின் அது வெறும் 'ரவிவர்மா படம்' ஆகிவிடுகிறது. கோடி ரூபாய் ஓவியத்துக்கு ஐந்து தலைமுறை வழிவரலாறு எழுதப்படுகிற நாட்டில், ஊரார் கையெடுத்துக் கும்பிட்ட படத்துக்கு முந்தைய வீட்டின் பெயர்கூடத் தங்குவதில்லை. பெங்களூர் வழக்கறிஞர் கணேஷ் சிவசுவாமி போன்ற சிலர் அச்சுப்படங்களைத் தேடிச் சேர்த்துப் பல தொகுதிகளாக எழுதிவருவது அருமையான முயற்சி. எனினும் ஒரு மனிதர் நாடு முழுவதும் உள்ள வீடுகளுக்குச் சென்று கேட்டுவிட முடியாது. வீட்டுக்காரர் நினைவில் உள்ளதை அந்தந்த ஊரில் இருப்போரே எழுதி வைக்கவேண்டும். புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910இலேயே தொடங்கப்பட்டது. கொடும்பாளூர்க் கற்கள் சில அங்கே பாதுகாப்பாக உள்ளன. கல்லை எடுத்துவந்து எண்ணிட்டு வைத்த அக்காலத்து அக்கறையில் சிறிதளவு தாளுக்கும் கிடைத்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு குறிப்பேடும் சில பிற்பகல்களும்தான். பல ஊர்களில் இலக்கிய அமைப்புகள் பழம் ஓலைகளுக்காக வீடு வீடாகச் சென்ற முன்மாதிரி இருக்கவே இருக்கிறது.

அப்படி எழுதி வைத்தாலும் ஒரு பெயர் விட்டுப்போகும். இன்று சேகரிப்பாளர் விரும்பித் தேடுபவை துணி ஒட்டிச் சரிகை தைத்த படங்கள். சாதாரண அச்சைவிட அவற்றுக்குத் தேவை மிகுதி. மளவலியில் ஒரே கல்லிலிருந்து எழுந்த ஆயிரம் சரசுவதிகளுள் இரண்டுக்கு ஒரே சேலை இராது. ஒருத்திக்கு நாவற்பழ நிறப் பட்டு, மற்றொருத்திக்கு வெளிர்மஞ்சள். ஒன்றில் வீணைத் தண்டைத் தொடாமல் துணி அளவாக வளைந்து செல்லும், மற்றொன்றில் முந்தானை ஓரத்து மணிகள் ஒவ்வொன்றும் தனி முடிச்சில் நிற்கும். விலையை உயர்த்துவது இந்த வேலைப்பாடே. அதைச் செய்தவர் அவ்வீட்டுப் பெண்ணோ, கூலிக்கு அமர்த்திய கைவினைஞரோ தெரியாது. கடைக்காரர் கட்டித் தொங்கவிடும் அட்டையில் ரவிவர்மா என்று எழுதியிருக்கும். தைத்தவர் பெயருக்கு அட்டையில் இடமில்லை.